முதல் வகுப்பின் வாசற்படியில்

பொறியியல் இளநிலைப் படிப்பின் எட்டுப் பருவங்களும் முடிவில் ஒரே ஓர் எண்ணாகச் சுருங்குகின்றன. அதனைச் சிஜிபிஏ என்பர். மாணவர் ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற தரப்புள்ளியை அப்பாடத்திற்குரிய கிரெடிட்டால், அதாவது வாரத்தில் அப்பாடத்திற்கு ஒதுக்கப்படும் நேரத்தை ஒட்டி அதற்குத் தரப்படும் எடையால், பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழக முறையில் உச்சத் தரத்திற்கு 10 புள்ளி. பட்டச் சான்றிதழில் முதல் வகுப்பு என்று அச்சாக 6.5 வேண்டும், சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு என்பதற்கு 8.5 வேண்டும், அதுவும் அரியர் எனப்படும், தேறாமல் நின்று மறுபடி எழுதும் பாடம் ஒன்றுகூட இல்லாமல். இக்கட்டுரை 8.5 வாங்கிய மாணவரைப் பற்றியதன்று. 6க்கும் 7க்கும் நடுவில், இரண்டு மூன்று அரியர்களை எழுதித் தேறி, எம்.இ., எம்.டெக். அல்லது அயல்நாட்டு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று தயங்கி நிற்பவரைப் பற்றியது.

இங்குக் கூறப்படுவன, செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையிலுள்ள அனந்தபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதோடு அவர்தம் மேற்படிப்பு விண்ணப்பங்களைப் படித்தும் திருத்தியும் பரிந்துரைக் கடிதம் எழுதியும் வந்த ஆசிரியர் ஒருவரின் அனுபவத்திலிருந்து எடுத்தவை. விழுப்புரத்தை அடுத்த காகுப்பத்திலும் திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிறகு, இவ்வட்டாரத்தில் பொறியியல் படிப்பு வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுக்கு வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவர்களும், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்களும் பெருமளவில் பொறியியலுக்குள் வந்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதை அறியாதவரால் அதனைப் படிக்க முடியாது என்பதே அவ்வாசிரியரின் துணிபு.

அப்பட்டியல்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் வடிவம் ஒன்று உண்டு. முதல் பருவத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் வந்து விழுகின்றன. பள்ளியில் தொகையீடு என்று படித்ததும் கல்லூரியில் இன்டெக்ரல் என்று கேட்பதும் ஒன்றுதான் என்பதை உணரவே சிலருக்குப் பாதிப் பருவம் கழிந்துவிடுகிறது. ஆகவே முதலிரு பருவங்களில் 5.6, 5.9 என்று விழுந்து, மூன்றாம் பருவத்தில் நிமிர்ந்து, ஆறாம் ஏழாம் பருவங்களில் 7.5ஐத் தாண்டும் பட்டியல்கள் மிகுதி. இவற்றின் சராசரி 6.7 என வரும்போது, எட்டுப் பருவமும் ஒரே சீராக 6.7 எடுத்த மாணவரும் இவ்வாறு ஏறிவந்த மாணவரும் ஒருவர்போலவே தோற்றமளிக்கிறார்கள். முன்னவர் ஓரிடத்தில் நின்றுவிட்டவர், பின்னவர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர் என்னும் வேறுபாட்டைச் சராசரி விழுங்கிவிடுகிறது. எனவே விண்ணப்ப வேலையில் முதலில் செய்யத்தக்கது, பருவவாரியான புள்ளிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, சேரவிரும்பும் சிறப்புப் பிரிவைத் தொட்ட பாடங்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றின் சராசரியைக் கணக்கிடுவது ஆகும். கட்டமைப்புப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் சிவில் மாணவருக்குப் பொருள் வலிமையியலிலும் கட்டமைப்புப் பகுப்பாய்விலும் 8 இருந்து, வேதியியலிலும் சுற்றுச்சூழல் அறிவியலிலும் 5 இருந்தால், அவர் சொல்லவேண்டிய செய்தி அந்தத் தாளிலேயே இருக்கிறது.

எல்லாப் பட்டியலும் இவ்வாறு ஆறுதல் தருவதில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். முதல் பருவம் முதல் கடைசிப் பருவம் வரை 6.2, எந்தப் பாடத்திலும் தனிப்பிடிப்பு இல்லை, இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடையில் விலைக்கு வாங்கியாயிற்று என்று வரும் மாணவரிடம், உடனே விண்ணப்பித்துப் பணத்தை இழக்க வேண்டாம், ஓராண்டு தங்கி அடிப்படைப் பாடங்கள் நான்கினை மறுபடி படித்துவிட்டு வரலாம் என்று கூறுவதே நேர்மையாகும். அவ்வாறு சொல்லப்பட்டவர்களிற் சிலர் மனம் வருந்தித் திரும்பிப் போனதுண்டு. ஆயினும் பொய்யான ஊக்கம் தந்து கடன் வாங்கவைப்பதைக் காட்டிலும் அவ்வருத்தம் சிறிது.

இந்தியாவுக்குள் மேற்படிப்புக்கு முதன்மையான வழி கேட் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் பழைய ஐ.ஐ.டி.கள் ஏழும் முறைவைத்து ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் இத்தேர்வு மூன்று மணி நேரம், 65 வினா, 100 மதிப்பெண் கொண்டது. அவற்றில் 15 மதிப்பெண் பொதுத் திறனுக்கு உரியது. இதன் மதிப்பெண்ணும் ஸ்கோரும் வெவ்வேறு என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. தகுதி மதிப்பெண்ணைத் தொட்டவருக்கு 350, அத்தாளில் முதன்மையாக நின்ற மிகச் சிலரின் சராசரியைத் தொட்டவருக்கு 900 என்று இரு முனைகளை நாட்டி, இடைப்பட்டவர்களை அக்கோட்டில் நிறுத்துவதே ஸ்கோர். எடுத்துக்காட்டாக, தகுதி மதிப்பெண் 28, முதன்மையானோர் சராசரி 80 என்று கொண்டால், 45 எடுத்தவருக்கு ஏறத்தாழ 530 கிடைக்கும். தாள் கடினமாக இருந்த ஆண்டில் அதே 45 இன்னும் உயர்ந்த ஸ்கோராகும். ஆகவே சென்ற ஆண்டில் இன்னார் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்று கேட்டு அஞ்சுவதில் பயனில்லை.

சுமாரான பட்டியல் உடையவருக்குக் கேட் ஏன் உகந்தது என்பதை இங்கு விரித்துரைப்பது தகும். என்.ஐ.டி.களுக்கும் வேறு பல நடுவண் நிறுவனங்களுக்கும் சேர்த்து நடைபெறும் சிசிஎம்டி எனப்படும் பொதுக் கலந்தாய்வில், பொதுப்பிரிவினரும் பிற்படுத்தப்பட்டோரும் சிஜிபிஏ 6.5 அல்லது 60 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 6.0 அல்லது 55 விழுக்காடு போதும். அந்த எல்லையைத் தாண்டியபின் இடத்தை முடிவு செய்வது கேட் ஸ்கோர் மட்டுமே. 6.5 எடுத்தவரும் 9.5 எடுத்தவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சிஜிபிஏ அவ்விடத்தில் வாசற்படி. அதனைக் கடந்தாயிற்று என்றால் அதற்கப்புறம் அது கேட்கப்படுவதில்லை. திருச்சி என்.ஐ.டி.க்கும் காரைக்காலில் உள்ள புதுச்சேரி என்.ஐ.டி.க்கும் இவ்வழியிலேயே சேர்க்கை நடைபெறுகிறது.

வாசற்படி ஆதலால், அதற்கு அரை அங்குலம் கீழே நிற்பவர்தாம் உண்மையில் இழப்புக்கு உள்ளாகின்றனர். ஆறு பருவங்கள் முடித்து 125 கிரெடிட்டில் 6.42 வைத்திருக்கும் மாணவருக்கு இன்னும் 40 கிரெடிட் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 165 கிரெடிட்டில் 6.5 வரவேண்டுமாயின் மிஞ்சிய இரு பருவங்களில் அவர் 6.75 எடுத்தால் போதும். இறுதித் திட்டப்பணிக்குக் கிரெடிட் மிகுதி ஆதலால் அதில் நன்றாகச் செய்தாலே பெரும்பகுதி கைகூடும். இக்கணக்கைப் போட்டுக் காட்டும்வரை அம்மாணவர் தம்மைத் தகுதியற்றவராக நினைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் ஆண்டு மாணவருக்கே இதனைச் சொல்லிவிட வேண்டும், பட்டம் வாங்கியபின் சொல்வதில் யாதொரு பயனும் இல்லை. கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம் என்பதும், ஸ்கோர் அட்டை மூன்றாண்டு செல்லும் என்பதும் இதனோடு சேர்த்து அறியத்தக்கவை.

6.5ஐத் தொடாதவர்க்கும் வழி அடைபடுவதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர 50 விழுக்காடும் ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 45 விழுக்காடும் போதும். கேட் ஸ்கோர் இல்லாதவர்கள், முன்பு டான்செட் என்றும் 2023 முதல் சீட்டா என்றும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வின் வழியாகச் சேரலாம். எனினும் கேட்டில் தகுதி பெற்று முழுநேரமாகப் படிப்பவருக்கு ஏற்பளிக்கப்பட்ட நிறுவனங்களில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. இந்த எண்ணை அனந்தபுரத்துப் பெற்றோரிடம் முதலில் சொல்வது நல்லது. பையன் மறுபடி படிக்கப்போகிறான் என்றாலே செலவு என்று எண்ணும் வீட்டில், படிக்கும்போதே அவன் கைச்செலவை அவனே பார்த்துக்கொள்வான் என்பது பாதி வாதத்தை முடித்துவிடும்.

ஐ.ஐ.டி.களில் எம்.டெக். தவிர ஆய்வின்வழி எம்.எஸ். என்னும் படிப்பும் உண்டு. இதில் பாடங்கள் குறைவு, ஆய்வேடு முதன்மை. சேர்க்கையில் கேட் ஸ்கோர் அழைப்பு வரை கொண்டுபோய் விடும், மீதியை எழுத்துத் தேர்வோ நேர்காணலோ முடிவு செய்யும். நேர்காணலில் பெரும்பாலும் மாணவரையே ஒன்றிரண்டு பாடங்களைச் சொல்லச் சொல்லி, அவற்றின் வேரிலிருந்து கேட்பார்கள். இருமுனையில் தாங்கிய உத்திரத்தின் நடுவே ஒரு சுமையை வைத்து, பெண்டிங் மொமென்ட் வரைபடத்தைக் கரும்பலகையில் வரையச் சொல்வார்கள். பிறகு சுமையைச் சிறிது தள்ளிவைத்து என்ன மாறும் என்று கேட்பார்கள். பிறகு ஒரு முனையை இறுகப் பிடித்தால் என்ன ஆகும் என்பார்கள். ஒன்பது புள்ளி வாங்கியவர் மனப்பாடத்தால் தடுமாறுவதும், ஏழு புள்ளிக்காரர் கையில் சாக்கட்டியோடு நின்று நிதானமாக யோசித்துச் சொல்வதும் அவ்விடத்தில் நடப்பவை. சில துறைகளில் அழைப்புக்கே சிஜிபிஏ எல்லை உயர்த்தி வைக்கப்படுகிறது என்பதால், ஒவ்வோர் ஆண்டு அறிவிப்பையும் அந்தந்தத் துறையின் அளவில் படித்தாக வேண்டும்.

நேர்காணலிலும் அயல்நாட்டு விண்ணப்பத்திலும் மாணவரை உயர்த்துவதும் வீழ்த்துவதும் இறுதியாண்டுத் திட்டப்பணிதான். பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு ஊர்களிலும் புராஜெக்ட் சென்டர்கள் என்னும் கடைகள் உள்ளன. பணம் கட்டினால் செய்த கருவியும் கட்டிய அறிக்கையும் கையில் வந்துவிடும். நல்ல மதிப்பெண் உடையவர் அதனை வாங்கினால் தப்பிவிடக்கூடும். குறைந்த மதிப்பெண் உடையவருக்கு அது தம்மிடமிருந்த ஒரே சான்றையும் தாமே விற்றுவிடுவதாகும். இதற்கு மாறாக நடந்த ஒன்றைக் கூறலாம். 6.6 வைத்திருந்த சிவில் மாணவர் ஒருவர், கரும்பு ஆலையில் கழிவாகக் கொட்டப்படும் சக்கைச் சாம்பலைச் சிமெண்டுக்குப் பதிலாக 10, 15, 20 விழுக்காடு சேர்த்து, 150 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வார்த்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் நசுக்கிச் சோதித்தார். 20 விழுக்காட்டில் வலிமை இறங்கியது. அறிக்கையில் அதனை மறைத்து எண்ணை மாற்றிவிடலாமா என்று அவர் கேட்டபோது, மாற்ற வேண்டாம், ஏன் இறங்கியது என்று தேடும்படி ஆசிரியர் கூறினார். ஆலையின் கொதிகலனில் சீரற்ற வெப்பத்தில் எரிந்த சாம்பலில் எரியாத கரி மிஞ்சியிருக்கும். அது நீரை உறிஞ்சும். அதே இளக்கத்திற்குக் கூடுதல் நீர் வேண்டும். நீர் கூடினால் வலிமை குறையும். சாம்பலை மறுபடி எரித்துச் சலித்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்னும் கேள்வி அங்கே பிறந்தது. அக்கேள்வியே அவருடைய விண்ணப்பத்தின் மையமாயிற்று. முதல் ஆண்டு நேர்காணலில் அவர் தேறவில்லை. மறு ஆண்டில் அரசு நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தது.

நோக்க அறிக்கை எனப்படும் எஸ்ஓபி, விண்ணப்பதாரர் தாம் என்ன படிக்க விரும்புகிறார், அதற்கு எவ்வாறு ஆயத்தமானார் என்று ஓரிரு பக்கத்தில் எழுதும் கட்டுரை. இதில் வரும் பொதுக் குற்றம், சிறுவயதில் வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த கதையில் தொடங்கி, பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து முடித்து, தாழ்ந்த மதிப்பெண்ணைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பது. படிப்பவரோ முதலில் பட்டியலைப் பார்த்துவிட்டே கட்டுரைக்கு வருகிறார். அவர் மனத்தில் எழுந்த கேள்விக்கு இரண்டு மூன்று வரியில், கெஞ்சாமலும் பிறரைக் குறைகூறாமலும், விடை இருக்க வேண்டும். தமிழ்வழியிலிருந்து வந்ததால் முதல் ஆண்டில் இன்னின்ன பாடங்களில் தவறினேன், மூன்றாம் பருவத்திற்குப் பின் அரியர் இல்லை, துறைப் பாடங்களில் சராசரி இவ்வளவு என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் செய்த வேலைக்குப் போய்விட வேண்டும்.

இம்முறைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்து, பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறாத ராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே, தாம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் சொல்லிவிடுகிறார். அதன்பின் கடிதம் முழுதும் தேற்றங்களே. குறை சில வரிகளில் தீர்ந்துவிட, வேலை பக்கங்களை நிரப்பியது. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அவருடைய மேதைமையை எவரும் கடன்வாங்க முடியாது. அக்கடிதத்தின் ஒழுங்கை எந்த மாணவரும் கைக்கொள்ளலாம்.

இனிப் பரிந்துரைக் கடிதம். எல்ஓஆர் என்று மாணவர்கள் வழங்கும் இதன் நிலை இவ்வட்டாரத்தில் வருந்தத்தக்கது. நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் சார், கடிதத்தை நானே எடுத்துவந்துவிட்டேன் என்று மாணவர் நீட்டுவார். அவர் அதனை ஜெராக்ஸ் கடையில் வாங்கியிருப்பார். கடைக்காரர் கணினியில் ஒரே கடிதத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி மாற்றி அச்சிட்டிருப்பார். இக்கட்டுரைக்குரிய ஆசிரியரும் தம் தொடக்க ஆண்டுகளில் அவ்வாறு கையொப்பமிட்டதுண்டு. ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவர் ஒரே பல்கலைக்கழகத்திற்கு ஒரே வாசகத்துடன் கூடிய கடிதங்களை அனுப்பியதைப் பின்னர் அறிந்தபோது, தம் கையொப்பம் இருவருக்கும் உதவாமற் போனதோடு கேடும் செய்திருக்கக் கூடும் என்பதை அவர் உணர்ந்தார். அதற்காக இன்றும் வருந்துகிறார். அதன்பின் தாமே எழுதாத கடிதத்தில் அவர் கையொப்பமிட்டதில்லை.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இப்போது கடிதத்தோடு இணையப் படிவம் ஒன்றையும் ஆசிரியருக்கே நேரில் அனுப்புகின்றன. தாம் கற்பித்தவர்களில் இம்மாணவர் முதல் 5 விழுக்காட்டினரா, 10 விழுக்காட்டினரா, 25 விழுக்காட்டினரா என்று அது கேட்கும். இரக்கத்தால் எல்லார்க்கும் முதல் 5 என்று குறிப்பவரின் சொல்லை 6.6 என்னும் பட்டியலே பொய்யாக்கிவிடும். தேர்வறையில் முதல் 50 விழுக்காட்டினர், ஆய்வகத்தில் முதல் 10 விழுக்காட்டினர் என்று பிரித்துக் காட்டி, அதற்கு ஆதாரமாக ஒரு நிகழ்ச்சியை எழுதும் கடிதத்தை நம்புவார்கள். மற்றொரு தடையும் உண்டு: கல்லூரியின் பெயரால் அமைந்த மின்னஞ்சல் முகவரி இல்லாத ஆசிரியரின் பரிந்துரையைப் பல பல்கலைக்கழகங்கள் ஐயத்துடன் பார்க்கின்றன, சிறு ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர்களுக்கு அத்தகைய முகவரி தரப்படுவதில்லை. கல்லூரி அதனை ஏற்படுத்தித் தருவதற்குச் செலவு சிறிது, கவனம்தான் வேண்டும்.

அயல்நாடுகளுள் ஜெர்மனியை நாடுவோர் மிகுந்து வருவதால் அதன் கணக்கை மட்டும் சுருங்கச் சொல்லலாம். அங்கு 1 என்பது உச்சம், 4 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. உச்சப் புள்ளியிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, உச்சத்திற்கும் தேர்ச்சிக் குறைந்தபட்சத்திற்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவது பவேரிய முறை. தேர்ச்சிப் புள்ளி 5 என்று கொண்டால் 6.8 எடுத்தவருக்கு 2.92 வரும். பல படிப்புகள் 2.5 கேட்கின்றன, அதற்கு 7.5 வேண்டும். இந்த ஒரு வரிக் கணக்கைப் போடாமல், கன்சல்டன்சி சொல்வதை நம்பிப் பத்து இடத்திற்குக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. விண்ணப்பக் கட்டணத்தோடு முடிவதுமில்லை. 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் எனப்படும் சான்றிதழ்ச் சரிபார்ப்பு இந்திய மாணவர்க்குக் கட்டாயம். விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்டுமாறு 2024இல் விதிக்கப்பட்டது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்னும் செய்தி மட்டும் ஊருக்குள் பரவுகிறது; இந்தத் தொகை பரவுவதில்லை. நிலத்தை அடகு வைக்கும் முன் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். இடம்பிடித்துத் தரும் கன்சல்டன்சிகளில் பல, மாணவரைச் சேர்ப்பதற்காகச் சில பல்கலைக்கழகங்களிடமிருந்தே தரகு பெறுகின்றன என்பதையும் குடும்பத்தார் அறிய வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பட்டியலை முழுதாகப் படிப்பவை. அங்கே மேலே கூறிய அறிக்கையும் கடிதமும் இன்னும் பெரும் எடை பெறுகின்றன.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பொறியியல் ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுண்டு. ஐந்தாம் பருவம் முடிந்தவுடன், முதல் வகுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் மாணவர்களைத் துறைக்குப் பத்துப் பேராவது அழைத்து, ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் ஒதுக்கி, 6.5க்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்னும் கணக்கை அவர் கண்முன் தாளில் போட்டுக் காட்டுங்கள். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும் என்பதை அத்தாளின் கீழேயே எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.